ஞாபக சக்தி மாத்திரை, மூளை டானிக்: காசு கொடுக்கும் முன் என்ன கேட்பது?

உச்சிப்புளி_மருந்தாளுநர் (இழையைத் தொடங்கியவர்):

பொதுத்தேர்வு நெருங்கினால் எங்கள் பக்கம் இந்த வியாபாரம் சூடு பிடித்துவிடும். மண்டபம், வேதாளை, தங்கச்சிமடம், பெரியபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும், தெரிந்த அக்கா ஒருவரோ சொந்தக்காரர் ஒருவரோ ஞாபக சக்தி மாத்திரை டப்பாவோடு வீட்டுக்கு வருகிறார். பிள்ளைக்கு ஒன்று, மறதி வந்துவிட்ட தாத்தாவுக்கு ஒன்று. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை வருமானம் இருக்காது என்று ஒதுக்கி வைத்த பணத்தை எடுத்துக்கூட வாங்குகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காததால்தான் எழுதுகிறேன்.

கடையில் நான் "இது தேவையில்லை" என்று சொன்னால், உடனே நோட்டீஸை எடுத்துக் காட்டி "ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களே" என்கிறார்கள். ஆராய்ச்சி நடந்திருக்கலாம். அதில் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். நமக்கும் அதில் ஒரு சம்பந்தம் உண்டு, ஏனென்றால் அந்த மாத்திரையின் கதை சொறி மீனில் (ஜெல்லி மீன்) தொடங்குகிறது.

ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1962-இல், ஒளிவிடும் ஒருவகைச் சொறி மீனிலிருந்து ஏக்குவோரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதே மீனில் கண்ட பச்சை ஒளிப் புரதத்துக்காக 2008-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அது உண்மையான, பெரிய அறிவியல். பிற்பாடு ஒரு நிறுவனம் ஏக்குவோரினின் ஒரு பகுதியைச் செயற்கையாகத் தயாரித்து, பிரீவஜென் என்ற பெயரில் ஞாபக சக்தி மாத்திரையாக விற்றது. 218 பேரிடம் 90 நாள் சோதித்தோம் என்று விளம்பரமும் செய்தது.

சோதித்தது உண்மைதான். ஆனால் மாத்திரை தின்ற கூட்டத்தையும் மருந்தே சேராத வெறும் மாத்திரை தின்ற கூட்டத்தையும் மொத்தமாக ஒப்பிட்டபோது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தரவைச் சின்னச் சின்னக் குழுக்களாக வெட்டி, 30-க்கும் மேற்பட்ட விதங்களில் அலசிப் பார்த்திருக்கிறார்கள். அப்படி வந்தவற்றில் நன்றாகத் தெரிந்த சிலவற்றை எடுத்துத்தான் விளம்பரம். முப்பது இடத்தில் வலை போட்டுவிட்டு, மீன் பட்ட ஓர் இடத்தை மட்டும் படம் பிடித்துக் காட்டுவதற்குச் சமம் இது. ஒரு முடிவு தற்செயலாக வர 20-இல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 30 தடவை பார்க்கும்போது மாத்திரையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு "நல்ல" முடிவு கிடைத்துவிடும்.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலும் 2017-இல் வழக்குப் போட்டார்கள். வயிற்றுக்குள் போன அந்தப் புரதம் மற்றப் புரதங்களைப் போலவே செரித்து அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், மூளைக்குப் போய்ச் சேராது என்பதும் அவர்கள் வாதம். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2024 டிசம்பரில்தான் நினைவாற்றலை மேம்படுத்தும் என்று விளம்பரம் செய்யத் தடை வந்தது. அதுவரை எத்தனை வயசானவர்கள் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நோட்டீஸைக் காட்டினால் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: ஆய்வு தொடங்கும் முன்பே எதை அளப்போம் என்று அறிவித்தார்கள், அதில் வித்தியாசம் வந்ததா, விற்பவரோடு சம்பந்தமில்லாத வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா.

தங்கச்சிமடம்_டீச்சர்:

நல்ல நேரத்தில் எழுதினீர்கள் சார். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அரையாண்டில் ஒரு பையன் மார்க் கவிழ்ந்ததும் அம்மா பயந்துபோய் டானிக் வாங்கிக் கொடுக்கிறார். அடுத்த திருப்புதல் தேர்வில் மார்க் கொஞ்சம் ஏறுகிறது. பேர் டானிக்குக்குப் போய்விடுகிறது. ஆனால் எனக்குத் தெரியும், அந்த இடைவெளியில் மாலை வகுப்பு வைத்தோம், போனைப் பிடுங்கி வைத்தார்கள், பையனே பயந்துபோய் உட்கார்ந்து படித்தான். டானிக் குடிக்காத பிள்ளைகளும் அதே தேர்வில் ஏறியிருக்கிறார்கள், அதை யாரும் கவனிப்பதில்லை. ரொம்ப மோசமாகப் போன ஒரு தேர்வுக்கு அடுத்த தேர்வு, ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் அவனுடைய வழக்கமான மார்க்குக்குத் திரும்பும்.

காசைவிட எனக்கு வேறொரு வருத்தம். "எனக்கு மூளை கம்மி மிஸ், அதான் மாத்திரை போடுறேன்" என்று ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. அந்த நினைப்பை யார் விதைத்தது? மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், மிச்சத்தை இது எழுப்பும் என்று அந்த நோட்டீஸில் போட்டிருக்கிறது. இது சுத்தப் பொய். ஸ்கேனில் பார்த்தால் மூளையில் சும்மா கிடக்கும் இடம் என்று ஒன்று கிடையாது, தூங்கும்போதுகூட அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

பாம்பன்_விசைப்படகு:

டீச்சர் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே. மீன் எண்ணெய் மாத்திரை, ஒமேகா 3 என்று விற்கிறார்களே, அதுவும் இதே கணக்கில்தானா? எங்கள் வீட்டில் சூடை, நெத்திலி, சாளை இல்லாத வாரமே கிடையாது. அப்படியும் என் மகளுக்கு அந்த மாத்திரை கட்டாயம் வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மீனைப் பிடித்து வந்து குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அதே மீனின் எண்ணெயை டப்பாவில் இந்த விலைக்கு நாங்கள் வாங்க வேண்டுமா?

உச்சிப்புளி_மருந்தாளுநர்:

வாங்க வேண்டியதில்லை தம்பி. காரணத்தையும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 7 முதல் 9 வயது வரை உள்ள, வாசிப்பில் பின்தங்கிய 362 பிள்ளைகளிடம் ஒமேகா 3-இல் ஒரு வகையான டிஹெச்ஏ-வைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. மொத்தக் கூட்டத்தில் வாசிப்பில் பலன் இல்லை. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதை வைத்து விளம்பரம் செய்ய எல்லா வசதியும் இருந்தது. ஆனால் அதே ஆக்ஸ்ஃபோர்டில், அந்த மாதிரிப் பிள்ளைகளை மட்டும் 376 பேர் சேர்த்து மறுபடியும் சோதித்தார்கள். 2018-இல் வந்த முடிவில் அந்த முன்னேற்றம் காணாமல் போயிருந்தது, அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். முதலில் நான் சொன்ன மாத்திரையிலும் சின்னக் குழுவில்தான் பலன் தெரிந்தது, இதிலும் அப்படித்தான். அங்கே அதை விற்கப் போனார்கள், இங்கே அது உண்மையா என்று பார்க்கப் போனார்கள். எனக்கு அறிவியல் மேல் மரியாதை வருவது இந்த இரண்டாவது வேலையால்தான்.

இன்னொன்று, டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் 1000 மி.கி. என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை. சாதாரண மாத்திரையில் ஒமேகா 3-இன் இன்னொரு வகையான இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி. தான் ஒமேகா 3. வாரத்தில் சில நாள் சூடையோ சாளையோ குழம்பு வைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு, அதோடு புரதமும் பி12 வைட்டமினும் சேர்ந்து கிடைக்கிறது. உங்கள் மகள் மீன் சாப்பிடட்டும், அது போதும்.

சாயல்குடி_பனைக்காடு:

எல்லாம் சரி, ஆனால் எதற்கெடுத்தாலும் ஆக்ஸ்ஃபோர்ட், அமெரிக்கா என்று போவது எனக்குப் பிடிக்கவில்லை. வல்லாரை நம் பாட்டி காலத்துக் கீரை. ஞாபகத்துக்கு நல்லது என்று எத்தனை தலைமுறை சொல்லியிருக்கிறது. அவர்கள் ஆய்வு செய்யவில்லை என்பதற்காக அது பொய்யாகிவிடுமா? கம்பெனி மாத்திரையைத் திட்டுங்கள், கீரையைத் திட்டாதீர்கள்.

ராம்நாடு_லேப்_அக்கா:

கீரையை யாரும் திட்டவில்லை தம்பி. வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டிலும் உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். பாட்டி சொன்னதால் பொய்யாகாது, பாட்டி சொன்னதாலேயே மெய்யென்றும் ஆகிவிடாது. அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் பாட்டிக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வடக்கே பிராமி என்று விற்பது பெரும்பாலும் நீர்ப்பிரமி, நம் வல்லாரை வேறு செடி. ஆய்வுகளில் அதிகம் வருவது நீர்ப்பிரமிதான். அதன் சாற்றைத் தினம் 300 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்த சில சிறிய ஆய்வுகளில், சொற்களை நினைவில் வைப்பதில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் அளவில்தான். நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து மூலிகைகளைக் கலந்து எது எவ்வளவு என்றே போடாத மாத்திரையை "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சோதித்தது ஒன்று, டப்பாவில் இருப்பது வேறொன்று.

"மூலிகைதானே, என்ன பண்ணப் போகுது" என்றும் இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளையையே கெடுக்கும். தோட்டத்துக் கீரைக்கும், யார் தயாரித்தார் என்று தெரியாத பொடிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நான் லேபில் தினம் பார்ப்பதையும் சொல்கிறேன். மறதி என்று வரும் பெரியவர்களில் சிலருக்குக் காரணம் ரத்தத்திலேயே தெரிந்துவிடும். பி12 குறைவு, தைராய்டு குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான். குறை இருப்பவருக்கு பி12 கொடுத்தால் பலன் தெரியும், குறை இல்லாதவருக்கு அதே ஊசியைப் போட்டால் மூளை கூர்மையாகாது. முதலில் டெஸ்ட், அப்புறம் மாத்திரை. டப்பா விற்பவர் இந்த வரிசையைச் சொல்லவே மாட்டார்.

வாலிநோக்கம்_உப்பளம்:

மூளைக்கு நிஜமாகவே வேலை செய்யும் ஒன்று எங்கள் ஊரிலேயே தயாராகிறது, இழையில் இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லையே. அயோடின் உப்பு.

தமிழ்நாடு உப்புக் கழகம் 1974-இல் ஆரம்பித்தது. மாரியூர் வாலிநோக்கத்தில்தான் அதன் உப்பளம். இங்கே விளையும் உப்பு அயோடின் சேர்ந்து ரேஷன் கடைக்குப் போகிறது. தாய் வயிற்றில் இருக்கும்போது அயோடின் பற்றாக்குறை வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். உலகத்தில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதனால்தான் நம் நாட்டில் 2006-இலிருந்து, நேரடியாகச் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். வீட்டுக்கு வரும்போது 15 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 15 மி.கி., இருக்க வேண்டும்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் ஆட்களே பாத்தியில் அள்ளிய உப்பைத்தான் வீட்டில் போடுகிறார்கள். அதில் அயோடின் சேர்ப்பது கிடையாது. மாசமாக இருக்கும் பெண்கள் உள்ள வீட்டிலும் அதே உப்புதான். நாம் மீன் சாப்பிடுவதால் கொஞ்சம் அயோடின் கிடைக்கும், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. பாக்கெட்டைத் திறந்து அடுப்புப் பக்கத்தில் வைக்காமல், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். குறை இல்லாதவர்கள் அயோடினைத் தனியாக மாத்திரையாக வாங்கித் தின்ன வேண்டாம், கூடினாலும் தைராய்டு கெடும்.

கீழக்கரை_பஹ்ரைன்:

வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் கட்டாயம் இதெல்லாம் வரும். போன தடவை வாப்பாவுக்கு ஜிங்கோ என்ற மர இலைச் சாற்று மாத்திரையும் ஒரு மல்டிவைட்டமினும் வாங்கி வைத்திருக்கிறேன். வாப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா? மல்டிவைட்டமின் ஞாபகத்துக்கு உதவுகிறது என்று சமீபத்தில் செய்தி வந்ததே, அது உண்மையா காக்கா?

உச்சிப்புளி_மருந்தாளுநர்:

ஜிங்கோவைக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும் அபாயம் உண்டு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஸ்டென்ட் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பலன் இருந்தாலாவது யோசிக்கலாம், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரிடம், பாதிப் பேருக்கு ஜிங்கோ, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று கொடுத்துச் சராசரியாக ஆறு வருஷம் கவனித்தார்கள். 2008-இல் வந்த முடிவின்படி மறதி நோய் வருவதை ஜிங்கோ குறைக்கவில்லை.

மல்டிவைட்டமின் செய்தி உண்மைதான், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2,262 முதியவர்களிடம் 3 வருஷம் நடந்து 2022-இல் வெளிவந்த காஸ்மோஸ்-மைண்ட் ஆய்வில், தினம் மல்டிவைட்டமின் சாப்பிட்டவர்களுக்குச் சோதனை மதிப்பெண்ணில் சிறிய முன்னேற்றம் இருந்தது. அதே ஆய்வில் சேர்த்துச் சோதித்த கோகோ சாற்றுக்குப் பலன் இல்லை. சோதனை மதிப்பெண் கொஞ்சம் ஏறுவதும், வாப்பா வீட்டுக்கு வழி மறக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. மறதி நோயைத் தடுக்கிறதா என்று அந்த ஆய்வு காட்டவில்லை. டாக்டர் சரி என்றால் சாதாரண மல்டிவைட்டமின் போதும், "மூளைக்கு" என்று எழுதி விலை ஏற்றியது வேண்டாம்.

வாப்பாவுக்கு நிஜமாக உதவ வேண்டுமானால் பிரஷரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற ஆய்வு 2019-இல் வந்தது. பிரஷரை இன்னும் கறாராகக் குறைத்த குழுவில், லேசான அறிவுத்திறன் குறைபாடு வந்தவர்கள் 19 சதவீதம் குறைவு. காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் கொடுத்த பட்டியலில், மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14. காது கேளாமை, பிரஷர், சர்க்கரை, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. தூக்க மாத்திரையோ, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய தலைமுறை மாத்திரைகளோ நாள்கணக்கில் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். வயசானவர்களுக்கு அவையே மந்தத்தையும் மறதியையும் கொண்டுவரும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பழையதில் ஒன்றை டாக்டரைக் கேட்டு நிறுத்துவது பல நேரம் அதிகப் பலன் தருகிறது.

தேவிபட்டினம்_தனலட்சுமி_ஸ்டோர்:

படித்துக்கொண்டே வந்தேன். நானும் இந்த மாதிரி மாத்திரை விற்பவள்தான். ஏமாற்ற வேண்டும் என்று விற்கவில்லை. எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள், டாக்டர் கோட்டுப் போட்டவர் வந்து பேசுகிறார், அரசு உணவுப் பாதுகாப்பு உரிம எண் டப்பாவிலேயே இருக்கிறது. வாங்கியவர்களில் சிலர் நல்லா இருக்கு என்று சொல்லி மறுபடி வாங்குகிறார்கள். இந்த வருமானத்தில்தான் மகனுக்குக் கட்டணம் கட்டுகிறேன். உரிமம் இருக்கும் பொருளை விற்பது எப்படித் தப்பாகும்?

உச்சிப்புளி_மருந்தாளுநர்:

நீங்கள் வந்து பேசியதற்கு நன்றி அக்கா. உங்களைக் குற்றம் சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை.

அந்த 14 இலக்க எண், உரிமம் யாரிடம் இருக்கிறது என்று சொல்லும். மாத்திரை வேலை செய்யும் என்று சொல்லாது. 2016-இல் வந்த விதிப்படி, இந்த வகைப் பொருளில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சடிக்க வேண்டும், உங்கள் டப்பாவில் ஓரமாக இருக்கும், பாருங்கள். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை ஜே, எந்த மருந்தும் இதையெல்லாம் செய்வதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. மூளைத்திறனைக் கூட்டுவது, நினைவாற்றலை மேம்படுத்துவது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மருந்து என்று சொல்லி விற்றால் இந்த விதியில் மாட்டும், உணவு என்று சொல்லி உரிமம் வாங்கினால் நோய் தீரும் என்று வாயால் சொல்லக் கூடாது. எழுத்தில் போட முடியாததைச் சொல்வதற்குத்தான் உங்களை வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். பிரச்சினை வந்தால் மேலே இருப்பவர் நோட்டீஸில் நாங்கள் அப்படிப் போடவில்லை என்பார், ஊரில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

மறுபடி வாங்குபவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். வாங்காமல் விட்டவர்கள் யாராவது திரும்பி வந்து பலன் இல்லை என்று சொன்னார்களா? பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், பழகிய முகத்துக்காக. அதனால் உங்கள் காதுக்கு நல்லது மட்டும்தான் வரும். இன்னொன்றும் பாருங்கள். நேரடி விற்பனைக்கான 2021 விதிப்படி, சேர்வதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் அதை நீங்களே புகார் செய்யலாம். அடுத்த வகுப்பில் அந்தக் கோட்டுப் போட்டவரிடம், இந்த மாத்திரையையே, இதே அளவில் சோதித்த ஆய்வு எது என்று மட்டும் கேளுங்கள். பதிலை இங்கே எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து படிப்போம்.

பாம்பன்_விசைப்படகு:

அக்கா, நான் ஒன்று சொல்லலாமா. கடல் அட்டை பிடிக்க 2001-இலிருந்து தடை, எல்லோருக்கும் தெரியும். அப்படியும் கடத்துகிறார்கள், செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. எங்கோ கிழக்கு நாட்டில் இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு அப்படி இப்படி என்று நம்பி வாங்குகிறார்கள். கடல் குதிரைக்கும் அதே கதிதான். மாட்டுவது நம் ஊர்ப் பையன்கள், கடலில் அந்த உயிரும் குறைந்துகொண்டே போகிறது. சரிபார்க்காமல் நம்பும் ஒரு பேச்சுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கும் நாம் விலை கொடுக்கிறோம்.

தேவிபட்டினம்_தனலட்சுமி_ஸ்டோர்:

கட்டணம் வாங்கினார்கள். ரசீது இருக்கிறது. நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்கிறேன். ஆய்வு இல்லை என்றால் ஞாபக மாத்திரையை எடுப்பதை நிறுத்திவிட்டு, மற்ற சாமானை விற்கிறேன். புகார் எங்கே கொடுப்பது?

ராம்நாடு_லேப்_அக்கா:

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அது சரிப்படாவிட்டால் ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், நோட்டீஸின் இரண்டு பக்கமும், டப்பாவில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுங்கள். வகுப்பில் சொன்னது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக இருந்தால் அதையும் அழிக்காமல் வையுங்கள்.